அழகம்மாவின் படங்கு

குளவி கொட்டிய நாளிலிருந்து பவுலினுக்கு வெளியே தலைகாட்டவே கூச்சமாக இருந்தது. பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனால், நிற்கிற பெண்கள் தங்கள் வாளியை ஒதுக்கி அவளுக்கு வழிவிட்டார்கள். காலையில் பெரட்டுக்குப் போனால், வேலை பிரித்துக் கொடுக்கிற கங்காணி, "ஒங்க சாமி பெரிய சாமிதான், பவுலினக்கா" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

அன்றைக்கு ஏழாம் நம்பர் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்த பெண்களில் கொட்டு வாங்காதவள் இல்லை. சிலரை லொறியில் ஏற்றித்தான் அக்கரப்பத்தனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பவுலினுக்கு மட்டும் கழுத்தில் ஒன்று, புறங்கையில் ஒன்று. அதுவும் மறுநாளே வற்றிவிட்டது.

"செபம் பண்ற பொம்பள. அது குளவிக்கே தெரிஞ்சிருக்கு பாருங்களேன்" என்று மேல் டிவிசன் லயத்து வீடுகளெல்லாம் அதே பேச்சு.

அந்த அதிசயம் எப்படி நடந்ததென்று தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி பவுலின். மற்றவள் அழகம்மா. அவள் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, கண் திறக்க முடியாமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள்.

நடந்தது இதுதான். கொழுந்து எடுக்கிறவர்கள் இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டியிருப்பார்கள். தடித்த கித்தான் விரிப்பு. பனித்தண்ணீர் நனைக்காமலும், தேயிலை வாது குத்திக் கிழிக்காமலும் இருப்பதற்காகக் கட்டுவது. குளவி வந்தால் அதுதான் கோட்டை. ஓடாதே, குந்து, படங்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொள் என்று வேலைக்குப் பேர் பதிகிற முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். அன்று காலையில் நல்ல பனி. பத்து மணி வெயில் ஏறியதும் பவுலினுக்கு ஈரப் படங்கு பாரமாக இருந்தது. அவிழ்த்து மேல் ரோட்டோரத்துச் செடியில் காயப் போட்டுவிட்டு தேயிலை நிரைக்குள் இறங்கிவிட்டாள். அத்தனை வருசம் வேலை செய்தவள் செய்யக்கூடாத பிழை அது.

தோட்டத்தில் குளவி என்று சொல்வது பெரிய மலைத்தேனீயைத்தான். டர்பன்டைன் மரத்து உச்சியிலிருந்த அதன் கூட்டைப் பருந்து அடித்ததாகப் பிறகு சொன்னார்கள். பவுலினுக்குத் தெரிந்ததெல்லாம் இரைச்சல்தான். மழை வருகிற மாதிரி ஓர் இரைச்சல், அதன் பின்னால் பெண்களின் கத்தல். அவள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். கீழே தண்ணீர் வடிகிற கானுக்குள் அழகம்மா படங்கைப் போர்த்திக் குந்தியிருந்தாள். ஓடி வருகிறவளைக் கண்டதும் அவள் படங்கின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

"பவுலினு, இங்க வா! உள்ள வா புள்ள!"

பவுலின் உள்ளே விழுந்தாள். விழுந்தவள் படங்கை இழுத்தாள். பாதியை அல்ல, முழுவதையும். தலையை மூடி, காலை மடக்கி, அதற்குள் சுருண்டு கானின் சேற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "இயேசுவே, இயேசுவே" என்று கத்தினாள். வெளியே அழகம்மா, "ஒரு ஓரத்தக் குடுடி, ஓரத்தக் குடுடி" என்று கேட்டது காதில் விழுந்தது. கேட்கக் கேட்க இவளுடைய பிடி இறுகியது. கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் வார்த்தையாக இல்லாமல் போனது.

பந்தம் கொளுத்திக்கொண்டு ஆண்கள் வந்தபோதும் பவுலின் படங்குக்குள் இயேசுவைக் கூப்பிட்டபடியே கிடந்தாள். அழகம்மா நாலு முழம் தள்ளி, தேயிலைத் தூரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மயங்கிக் கிடந்தாள். 'குளவி மொய்க்க மொய்க்க செபம் பண்ணினாள் பவுலின்' என்ற கதை அங்கேதான் பிறந்தது. யாருடைய படங்கு என்று ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாப் படங்கும் ஒரே நிறம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அழகம்மா ஒன்றும் தங்கமானவள் அல்ல. வாய் நீளம். கொழுந்து குறைவாக இருக்கிற நாளில் அடுத்தவள் நிரைக்குள் கையை விட்டு நாலு கொத்துப் பறித்துக்கொள்வாள். நிரை பாய்வது என்று அதற்குப் பெயர். அந்த வாரம்கூட பவுலினின் நிரைக்குள் பாய்ந்தாள். பவுலின் விடவில்லை. கணக்கப்பிள்ளையிடம் போய்ச் சொல்லி, எல்லார் முன்னாலும் அழகம்மாவை ஏச வைத்து, அவளுக்கு அரைநாள் சம்பளம் மட்டும் கிடைக்கிற மாதிரி அரைப்பேர் போட வைத்தாள். "களவு களவுதான். சின்னக் களவுன்னு வேதத்துல இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு நாள் கழித்து அதே அழகம்மாதான் படங்கின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

*

சனிக்கிழமை காலையில் போதகர் ஜெனுஷன் மோட்டார் சைக்கிளில் வந்தார். லிந்துலையிலிருந்து வருகிற இளம் போதகர். கலியாணமாகி ஒரு வருசம்கூட ஆகவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றும் முன்பே பேசத் தொடங்கிவிட்டார்.

"அக்கா, நாளைக்கு ஆராதனையில நீங்கதான் சாட்சி சொல்றீங்க. நுவரெலியா சபையில இருந்து ஒரு வேன் நெறைய ஆள் வர்றாங்க. கொட்டு வாங்கின குடும்பங்களுக்குச் சாமான் கொண்டு வர்றாங்க. நான் ஒங்க கதைய சொன்னேன். கேட்டு அழுதுட்டாங்க."

"ஐயா, எனக்குத் தொண்ட சரியில்ல" என்றாள் பவுலின்.

"கொத்தமல்லி அவிச்சுக் குடிங்க."

"பேசத் தெரியாதுங்க ஐயா. எழுத்தே பிந்திப் படிச்சவ நான்."

"நீங்களா? பொம்பளைங்க செபக்கூட்டத்துல நீங்க பேசினா ஒரு கொழந்த இருமாது. போங்கக்கா." அவர் சிரித்தார். "கர்த்தர் ஒங்களுக்குச் செஞ்சத அப்படியே சொல்லுங்க. அது போதும்."

அவர் போன பிறகு பவுலின் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். நாளைக்கு ஏறி நின்று பொய் சொல்ல வேண்டும். இல்லையென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் கர்த்தரின் பெயரை வைத்துச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் அதன் பிறகு இந்த டிவிசனில் எந்த முகத்தோடு நடமாடுவது? அழகம்மா சபைக்கு வருகிறவள் அல்ல, மாரியம்மன் கோயில்காரி. அவள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. இந்த எண்ணம் வந்ததும் பவுலினுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் எண்ணம் போகவில்லை.

மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து திரீவீலில் அழகம்மா வந்து இறங்கினாள். பவுலின் கடைக்குப் போய் ஒரு பிஸ்கட் பக்கட்டும் பால்மாப் பெட்டியும் வாங்கிக்கொண்டு அவளுடைய லயக் காம்பரா வீட்டுக்குப் போனாள். நோயாளியைப் பார்க்கப் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அழகம்மாவின் மகள் கிருஷாந்தி கார்மென்ட்ஸில் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். "வாங்க ஆன்ட்டி. அம்மாவுக்கும் சேத்து நீங்க செபம் பண்ணியிருப்பீங்க, இல்லாட்டி பொழச்சிருக்காது" என்று கையைப் பிடித்தாள். பவுலினுக்கு அந்தக் கையைப் பிடித்திருக்கவும் முடியவில்லை, விடவும் தெரியவில்லை.

அழகம்மா கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தாள். ஒரு கண் முழுக்க மூடியிருந்தது. மற்றக் கண் கீறல் மாதிரித் திறந்திருந்தது. உதடு தடித்துத் தொங்கியது. அந்தக் கீறலால் பவுலினை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கிருஷாந்தி, பீலியில தண்ணி வருதா பாத்துட்டு வா."

"இப்பத்தானே அம்மா புடிச்சேன்."

"இன்னொருக்காப் பாரு."

மகள் போனதும் அழகம்மா கேட்டாள்: "வேவு பாக்க வந்தியா?"

பவுலின் பிஸ்கட் பக்கட்டை மறு கைக்கு மாற்றினாள்.

"யாருகிட்டயும் சொல்லல. பயப்படாத. ஆஸ்பத்திரி மிஸ்ஸு கேட்டிச்சு, படங்கு கட்டலியான்னு. மறந்துட்டேன்னு சொன்னேன். ஏசு ஏசுன்னு ஏசிச்சு. ஒன்னைய சொல்லல, என்னைய."

"அக்கா..."

"அக்கா நொக்கான்னு ஆரம்பிக்காத. எனக்கு ஒன் மேல கோவம். மன்னிச்சேன்னு சொல்லுவேன்னு பாக்காத. மூஞ்சி எரியுது. இந்த எரிச்சலோட யாரையும் மன்னிக்க ஏலாது." அழகம்மா மூச்சு வாங்கினாள். பிறகு, தடித்த உதட்டால் முடிந்த அளவுக்கு இளித்தாள். "ஆனா தெரியும் புள்ள. பயம் வந்தா கை நம்ம கை இல்ல. மண்ணு சரிஞ்சப்ப நான் மொதல்ல தூக்கிட்டு ஓடினது டீவிய. மாமியார ரெண்டாந்தரம் வந்துதான் தூக்கினேன். கெழவி சாகுற வரைக்கும் அதையே சொல்லிச்சொல்லி என்னைய வதச்சிச்சு. 'டீவிக்குக் கஞ்சி ஊத்துடி'ன்னு."

பவுலினுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணீர்தான் முட்டியது.

"அழாத. அழுதா எனக்கு இன்னும் எரியும்" என்றாள் அழகம்மா. "நாளைக்கு ஒங்க கோயில்ல ஏறி நின்னு பேசப் போறியாமே. திரீவீல்காரன் சொன்னான். என்னாத்தையும் பேசு. ஆனா சாமி வந்து ஒன்னைய மூடிச்சுன்னு சொல்லாத. அது என் படங்கு. என் படங்க சாமி கணக்குல போடாத."

பிஸ்கட் பக்கட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் பவுலின் அதைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்தாள். வாசலைத் தாண்டும்போது பின்னால் குரல் கேட்டது. "கிரீம் போட்டது வாங்கிருக்கலாம். கஞ்சப்பய மகளே."

*

பொழுது சாயும்போது சிறில் வந்தான். பவுலினின் புருசன். கவ்வாத்து வெட்டுகிறவன். கை வேகம் உள்ளவன். ஆனால் சனிக்கிழமை என்றால் நேரே வீட்டுக்கு வர மாட்டான். வாசலில் செருப்பைக் கழற்றத் தெரியாமல் கழற்றிவிட்டு, ஏச்சுக்குத் தயாராகச் சுவரோரமாக ஒதுங்கி வந்தான். ஏச்சு வரவில்லை. பவுலின் சோற்றைப் போட்டுத் தட்டை முன்னால் வைத்தாள்.

சிறில் தட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "என்னாடி, ஒடம்பு சரியில்லயா?"

"இல்ல."

"அப்ப ஏன் ஏச மாட்டேங்கிற? எனக்குப் பயமா இருக்கு."

இந்த மனுசனைத்தான் பவுலின் சபையில் எழுந்து நின்று, எல்லார் முன்னாலும், குடிக்கிறவன், திருவிருந்துக்கு லாயக்கில்லாதவன் என்று சொன்னாள். அது நடந்து ரொம்ப நாளாகிறது. அப்போதிருந்த போதகரும் மூப்பர்களும் அவளுடைய நேர்மையை மெச்சினார்கள். அன்றிலிருந்து சிறில் கடைசி பெஞ்சுக்குப் போனான். மற்றவர்கள் அப்பமும் திராட்சரசமும் வாங்கப் போகும்போது அவன் செருப்புகள் கிடக்கிற வாசலுக்குப் போய், மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஒரு ஞாயிறுகூட அவன் வராமல் இருந்ததில்லை என்பது பவுலினுக்கு இப்போதுதான் உறைத்தது.

அவள் அவனிடம் சொன்னாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, படங்கைக் காயப் போட்டதிலிருந்து, "ஓரத்தக் குடுடி" என்ற குரல் வரைக்கும். எல்லாவற்றையும் அல்ல. ஒன்றை மட்டும் அவனிடமும் சொல்ல முடியவில்லை.

சிறில் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். பிறகு சொன்னான்: "நான் குடிக்கிறது ஊருக்கே தெரியும். அதுல ஒரு வசதி இருக்கு. மறைச்சுத் தூக்கிக்கிட்டுத் திரிய வேண்டியதில்ல. நீ எப்புடித் தூக்கிக்கிட்டு நடக்குற?"

அவள் எதிர்பார்த்தது கேலி. ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால் இவளும் பதிலுக்குக் குத்தியிருப்பாள், மனம் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவன் குத்தவில்லை. அதனால் அவன் முகத்தைப் பார்க்கவும் வெட்கமாகப் போய்விட்டது.

"நாளைக்கு என்னா சொல்லப் போற?" என்றான்.

"தெரியல."

"எனக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, தட்டைக் கழுவித் தானே கவிழ்த்து வைத்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. நுவரெலியாக்காரர்கள் கம்பளிச் சட்டையும் சால்வையுமாக முன் பெஞ்சுகளில் இருந்தார்கள். சாமான் பொதிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. பாட்டு முடிந்ததும் போதகர் ஜெனுஷன் எழுந்து, "குளவிக் கூட்டத்துக்கு நடுவுல கர்த்தர் காப்பாத்தின ஒரு தாய் இப்ப சாட்சி சொல்லுவாங்க" என்றார். முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி படம் பிடிப்பதற்காகப் போனைத் தூக்கினாள்.

பவுலின் முன்னால் போய் நின்றாள். எத்தனையோ தரம் நின்ற இடம். பொய் நுனி நாக்கில் தயாராக இருந்தது. அழகான பொய், எல்லாரும் கேட்கக் காத்திருக்கிற பொய். வாயைத் திறந்தால் போதும், அது தானாக ஓடிவிடும்.

"எல்லாருக்கும் தோத்திரம்" என்றாள். "கர்த்தர் என்னையக் காப்பாத்துனதச் சொல்லத்தான் கூப்பிட்டாங்க. என்னையக் காப்பாத்துனது அழகம்மாக்காவோட படங்கு."

"ஆமென்" என்றது ஒரு குரல்.

"ஆமென் சொல்லாதீங்க. கேளுங்க." பவுலின் கையை உயர்த்தித் தடுத்தாள். "எம் படங்கு மேல ரோட்டுல காஞ்சுக்கிட்டு இருந்திச்சு. அவங்க அவங்களோடத தூக்கிப் புடிச்சு, உள்ள வான்னு கூப்பிட்டாங்க. பாதி குடுத்தாங்க. நான் முழுசா இழுத்துக்கிட்டேன். ஓரத்தக் குடுன்னு கேட்டாங்க. குடுக்கல."

போன் பிடித்திருந்த கை மெல்லக் கீழே இறங்கியது.

"நான் செபம் பண்ணிக்கிட்டு இருந்தேன்னு சொல்றீங்க. செபம் பண்ணல. கத்துனேன். அவங்க குரல் கேக்கக் கூடாதுன்னு இயேசு பேரச் சொல்லிக் கத்துனேன்." அவள் நிறுத்தினாள். இதோடு உட்கார்ந்துவிடலாம். இதுவரைக்கும் சொன்னதே போதும், பயத்தில் செய்தாள் பாவம் என்று பாதிப் பேராவது சொல்லுவார்கள். சிறிலிடம் சொல்லாமல் விட்டது மட்டும் மிச்சம் இருந்தது. "அவங்க கை உள்ள வந்திச்சு. படங்குக்குள்ள. எங் கையப் புடிச்சிச்சு. நான் அந்த விரல ஒண்ணொண்ணாப் பிரிச்சு வெளிய தள்ளுனேன். பயத்துல தெரியாமச் செய்யல. அழகம்மாக்கா கைன்னு தெரியும். நெரை பாஞ்சதுக்கு அரைப்பேர் போட வச்சேன்ல, அந்தக் கைதான். தெரிஞ்சுதான் தள்ளுனேன்."

வெளியே ஒரு வேன்காரன் ஹாரன் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். செபக்கூட்டத்துப் பெண்கள் வரிசையாகத் தலை குனிந்திருந்தார்கள். அவர்களுடைய வெட்கம் தன்னால்தான் என்று பவுலினுக்குத் தெரிந்தது. இருந்த இடத்துக்கு எப்படித் திரும்பினாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

போதகர் ஜெனுஷன் எழுந்தார். வேதப் புத்தகத்தைத் திறந்தார், மூடினார். காது சிவந்து போயிருந்தது. "நான்தான் அக்காவ வற்புறுத்திக் கூப்பிட்டேன்" என்றார். "தொண்ட சரியில்லன்னு சொன்னாங்க. நான் கேக்கல. நுவரெலியாவுல இருந்து வர்றவங்க முன்னால நம்ம சபை பெருசாத் தெரியணும்னு எனக்கு ஒரு ஆச." திரும்பித் திருவிருந்து மேசையை மூடியிருந்த வெள்ளைத் துணியை எடுத்தார். "லாயக்கு உள்ளவங்களுக்குத்தான் இதுன்னா, இந்த அப்பத்த நான் அப்படியே வீட்டுக்குக் கொண்டு போகணும். நான் சாப்பிடவும் ஏலாது. வாங்க."

ஒருவரும் உடனே எழவில்லை. பிறகு ஒன்றிரண்டு பேராகப் போனார்கள். பவுலின் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். ஒருவனைப் போகாதே என்று சொன்ன வாயை வைத்துக்கொண்டு எப்படிப் போவது?

பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். முந்தின நாளின் சாராய வாடை.

"எந்திரி" என்றான் சிறில், குரலைத் தாழ்த்தி.

"நான் எப்புடிங்க போறது?"

"எனக்கும் அதுதான் தெரியல. அதான் ஒன்னையக் கேட்டுட்டுப் போவம்னு வந்தேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மனுசன் பயந்துபோய் நின்றான். யாராவது, போ வெளியே என்று சொல்லிவிடுவார்களோ என்று ஒரு கால் வாசல் பக்கமாகவே திரும்பியிருந்தது. பவுலின் எழுந்தாள். இருவரும் போய் மேசைக்கு முன்னால் முழங்காலிட்டார்கள்.

"ஐயா, இவருக்கும் குடுங்க. இவரு வரக் கூடாதுன்னு சொன்னது நான்தான். அந்தப் பேச்ச நான் திருப்பி எடுத்துக்கிறேன்" என்றாள்.

போதகர் கொடுத்தார். கிண்ணத்தை வாங்கும்போது சிறிலின் கை சாய்ந்து, ரசம் வெள்ளைத் துணியில் சிந்தியது. "ஐயோ" என்றான் அவன். போதகர் ஒன்றும் சொல்லாமல் தன் சட்டைக் கையால் ஒற்றினார். அந்த வாடைக்கு எத்தனையோ வருசம் முகத்தைத் திருப்பியவள் இன்று திருப்பவில்லை. திருப்புகிற தைரியம் இல்லாமல் போயிருந்தது. அவளுக்கு நிம்மதி என்று எதுவும் வந்துவிடவில்லை. அப்பம் வாயில் கரைகிற மட்டும் அந்த விரல்கள்தான் நினைவில் இருந்தன. ஆனாலும் விழுங்கினாள்.

வெளியே வந்தபோது, செபக்கூட்டத்துப் பெண்கள் அவளுக்காக நிற்காமல் முன்னால் போய்விட்டார்கள். போன் வைத்திருந்த அம்மா மட்டும் கிட்டே வந்து, "சிஸ்டர், இத நீங்க பாஸ்டர்கிட்ட தனியாச் சொல்லியிருக்கலாமே" என்று அன்பாகச் சொல்லிவிட்டு வேனில் ஏறினாள்.

*

பவுலின் வீட்டுக்குப் போகவில்லை. நேரே அழகம்மாவின் காம்பராவுக்குப் போனாள். பேச்சு அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. வாசலில் நின்ற கிருஷாந்தி அவளைக் கண்டதும் முகத்தைக் கடுப்பாக்கிக்கொண்டு, போனும் கையுமாக அடுத்த வாசலுக்குப் போய்விட்டாள். நேற்றைய ஆன்ட்டி இன்று இல்லை.

அழகம்மா வெயிலுக்காக வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணின் கீறல் நேற்றைவிடக் கொஞ்சம் அகன்றிருந்தது.

"ஊரெல்லாம் கொட்டிட்டு வந்திட்டியாமே" என்றாள். "ஒன்னைய யாரு சொல்லச் சொன்னா?"

"நீங்கதானேக்கா..."

"சாமி காப்பாத்துச்சுன்னு சொல்லாதன்னுதான் சொன்னேன். எங் கதைய விரிச்சு வையின்னு சொன்னேனா? இப்ப என்னா ஆச்சு? ஒன்னையப் பாவின்னு சொல்லுவாங்க, சரி. என்னைய என்னா சொல்லுவாங்க? அரைப்பேர் போட வச்சவளுக்கே படங்கத் தூக்கிக் குடுத்த ஏமாளின்னு சிரிப்பாங்க. பீலியில நிக்க ஏலுமா இனி?"

இப்படி ஒன்று இருக்கும் என்று பவுலின் நினைத்தே பார்க்கவில்லை. உண்மையைச் சொல்வதில்கூட அழகம்மாவைப் பற்றி அவள் யோசித்திருக்கவில்லை. தன் பாரம் இறங்க வேண்டும் என்றுதான் பார்த்தாள்.

"அதுலயும் தப்புப் பண்ணிட்டேன்க்கா" என்றாள்.

"பண்ணுவ. நீ அப்புடித்தான்." அழகம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதிர் லயத்தில் யாரோ றேடியோச் சத்தத்தைக் கூட்டினார்கள். "விரலப் பிரிச்சேன்னியாமே. அதையுமா சொன்ன?"

"சொன்னேன்."

"அத நான் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டேன்." குரல் இறங்கியிருந்தது. "சாகுற வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன். அவ்வளவு கேவலம் அது. ஒனக்கில்ல. எனக்கு."

பவுலின் நின்ற இடத்திலேயே நின்றாள். போ என்று சொன்னால் போய்விடலாம். அழகம்மா போ என்று சொல்லவில்லை.

"வந்தவ மரம் மாதிரி நிக்காத" என்றாள் கடைசியில். "மூஞ்சியில, கையில இருந்த கொடுக்கெல்லாம் ஆஸ்பத்திரியில எடுத்தாங்க. தலைக்குள்ள இன்னும் கெடக்கு, படுக்க ஏலல. மகளுக்குக் கண்ணு போன்ல. ஒனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுமே, அடுத்தவ எங்க கை வைக்கிறான்னு பாக்குறதுக்கு."

பவுலின் அவளுக்குப் பின்னால், மேல் படியில் உட்கார்ந்தாள். முடியைத் தொட்டதும் அழகம்மாவின் உடம்பு வெடுக்கென்று ஒடுங்கியது. அந்த ஒடுக்கம் யாருடைய கைக்குப் பயந்து என்று பவுலினுக்குத் தெரிந்தது. கையை எடுத்துவிட்டாள்.

"ஏன் நிப்பாட்டிட்ட? பாரு" என்றாள் அழகம்மா.

முடியை விலக்கிப் பார்த்தாள். உச்சிக்குப் பக்கத்தில், புண்ணுக்கு நடுவில், கறுப்பாக ஒன்று காய்ந்து நின்றது. இரண்டு நகத்தால் பிடித்து இழுத்தாள்.

"ஆ! மெதுவாடி, கொலகாரி!"

"மன்னிச்சிருங்கக்கா."

"மன்னிப்பு இருக்கட்டும். காதுக்கு மேல பாரு. அங்கதான் குத்துது."

பவுலின் குனிந்து காதுக்கு மேலே முடியை விலக்கினாள். அங்கே இன்னும் நிறைய இருந்தன.